புதுப் பானையின் மேல் விழுந்த பழி

1835ஆம் ஆண்டு மார்ச் மாதம் சார்லஸ் டார்வின் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரைக் கடந்துகொண்டிருந்தார். ஓர் இரவு அவருடைய குழு மிக உயரமான ஓரிடத்தில் தங்கி, உருளைக்கிழங்கை வேகவைத்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்தும் கிழங்கு கல்லாகவே கிடந்தது. பானை இரவு முழுவதும் அடுப்பிலேயே இருந்தது. காலையில் மறுபடி கொதிக்க வைத்தும் பயனில்லை. காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும், அந்த வெப்பம் கிழங்குக்குப் போதாது என்பது டார்வினுக்குத் தெரியும். உடன் வந்த இருவர் வேறு முடிவுக்கு வந்தார்கள். பானை புதிது, அதற்குக் கிழங்கை வேகவைக்க மனமில்லை என்பதே அவர்கள் கண்ட காரணம். தம் பயண நூலில் டார்வின் இதைச் சில வரிகளில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். சமையலைப் பற்றி யோசிப்பவர்கள் அவ்வளவு விரைவில் அதைக் கடந்துவிட முடியாது. கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்று வேலை செய்யும்போது, கண்ணெதிரே புதிதாக இருப்பதன் மேல் பழி போடுவது மனிதருக்கு எளிது.

நம் வீடுகளில் அந்தப் புதுப் பானையின் இடத்தில் நிற்பவர் பெரும்பாலும் புதிதாக மணமாகி வந்த பெண். வேலைக்காக வெளியூரில் தனிக்குடித்தனம் தொடங்கும் குடும்பங்களில் இளம் கணவனும் இப்போது அவளருகே நிற்கிறான். மாவு பொங்கவில்லை, தயிர் உறையவில்லை, பருப்பு வேகவில்லை, சோறு குழைந்துவிட்டது என்று எது நடந்தாலும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: இன்னும் கைப்பக்குவம் வரவில்லை. இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு என்பது என் வாதம். ஒரு செய்முறை வாய்வழியாகவோ எழுத்திலோ கைமாறும்போது பாதிதான் கைமாறுகிறது. அது எந்த ஊர்த் தண்ணீருக்கு, எந்த மாதத்துக்கு, எந்த அரிசிக்கு, கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்துக்குச் சொல்லப்பட்டது என்ற மறுபாதி சொல்லப்படுவதே இல்லை. இளம் தம்பதியரின் அடுக்களைத் தவறுகளில் பெரும்பங்கு அந்தச் சொல்லப்படாத பாதியில் பிறக்கிறது. கைப்பக்குவம் என்று நாம் போற்றுவதும் அந்தப் பாதியைப் பல ஆண்டுப் பழக்கத்தில் அறிந்துகொண்டதைத்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க அரியலூர் மாவட்டம் நல்ல களம். கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் விக்கிரமங்கலத்தில் வளர்ந்த ஒருவரும் வேறு ஊரில் வளர்ந்த ஒருவரும் மணம் முடித்து, மாவட்டத்துக்குள்ளேயே இன்னோர் ஊரில் கார்த்திகை மாதம் குடியேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வேலை உண்டு. தாயிடம் கேட்டெழுதிய அளவுகள் கையில் இருக்கின்றன. மார்கழியில் நண்பர்கள் வருவார்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்கோ கங்கைகொண்ட சோழபுரத்துக்கோ போவார்கள், தொடர்ந்து விடுமுறை கிடைத்தால் பச்சைமலை, கொடைக்கானல், உதகை என்று மலையேறுவார்கள். சமையல் தவறுவதற்கு இதைவிடப் பொருத்தமான பருவம் வேறில்லை. புதிய ஊர், புதிய தண்ணீர், குளிர்காலம், புது நெல் வரும் நேரம், மலைப்பயணம் ஆகிய ஐந்து மாற்றங்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. செய்முறைத் தாள் இவற்றில் ஒன்றைப் பற்றிக்கூடப் பேசாது.

முதலில் இட்லி மாவு. மாவைப் பொங்கவைப்பது ஈஸ்ட் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டெயின்கிராஸும் உடன் ஆய்ந்தவர்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வு, அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்வது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா என்று காட்டியது. அது உளுந்தோடும் அரிசியோடும் இயல்பாகவே வருகிறது. சர்க்கரைப் பொருள்களை உண்டு அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. உளுந்தின் வழுவழுப்பும் புரதமும் அந்த வாயுவைக் குமிழ்களாகப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. உளுந்து குறைந்தாலோ சரியாக அரைபடாவிட்டாலோ வாயு உண்டாகியும் நிற்க இடமிருக்காது. மிக்ஸியில் இடைவிடாமல் அரைத்தால் மாவு சூடேறி, உயிரிகள் வேலையைத் தொடங்கும் முன்பே நலிந்துவிடும். ஐஸ் தண்ணீர் விட்டு, விட்டுவிட்டு அரைக்கச் சொல்வது இதனால்தான். ஆக, மாவு பொங்குவது அளவற்ற எண்ணிக்கையில் உயிர்கள் பெருகுவதன் விளைவு. அவை பெருகும் வேகத்தை முடிவு செய்வது வெப்பநிலை.

நம் ஊர்க் குளிர் ஒரு குளிரா, நாலைந்து டிகிரி குறைந்தால் என்ன ஆகிவிடும் என்ற ஐயம் இங்கே நியாயமாக எழும். திருச்சிராப்பள்ளி, அரியலூர்ச் சமவெளியில் சித்திரை, வைகாசி இரவுகளின் வெப்பம் 26 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். மார்கழி, தை விடியலில் அது 20ஐ ஒட்டி இறங்கும். மனித உடலுக்கு ஒரு போர்வை போதும். நுண்ணுயிர்களின் கணக்கு வேறு. அவற்றுக்குப் பழகிய வெப்ப எல்லைக்குள், 10 டிகிரி குறைந்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும், சிலவற்றில் அதற்கும் கீழே போகும் என்பது உயிரியலில் பொதுவாகப் பயன்படும் கணக்கு. 28 டிகிரியில் 8 மணி நேரத்தில் புளித்த மாவு, அந்தக் கணக்கின்படி 21 டிகிரியில் 13 மணி நேரம் கேட்கும். இதை இன்னொரு வகையிலும் பார்க்கலாம். மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் உயிரி 8 மணி நேரத்தில் 256 மடங்காகும். ஒரு முறை இரட்டிக்க 1 மணி 36 நிமிடம் எடுத்துக்கொண்டால் அதே 8 மணி நேரத்தில் 32 மடங்குதான் ஆகும். சில டிகிரி வேறுபாட்டில் எட்டில் ஏழு பங்கு காணாமல் போகிறது. இரவு 9 மணிக்கு அரைத்து காலை 6 மணிக்கு இட்லி ஊற்றும் வழக்கம் கோடைக்கு ஏற்பட்டது. அதே வழக்கத்தை மார்கழியிலும் பின்பற்றிய தம்பதிக்குத் தட்டையான இட்லி கிடைத்தால் அவர்கள் கையில் குறை இல்லை. கடிகாரத்தை மாற்ற யாரும் சொல்லித்தரவில்லை.

தயிரின் கதையும் இதுவே. பாலின் புரதமான கேசின், பாலில் அமிலம் ஏறி அதன் பிஎச் அளவு 4.6ஐ நெருங்கும்போது திரண்டு வலைப்பின்னலாகிறது. உறைமோரில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் அந்த அமிலத்தைத் தருகின்றன. பால் கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது உறை ஊற்றினால் அவை மடிந்துவிடும், ஆறிக் குளிர்ந்தபின் ஊற்றினால் விழித்திருந்தும் வேலை செய்யாது. ‘கை பொறுக்கும் சூடு’ என்ற பழைய அளவு இரண்டுக்கும் நடுவே மிகச் சரியாக நிற்கிறது. ஆனால் அது உறை ஊற்றும் நேரத்துக்கான அளவு மட்டுமே. குளிர்ந்த இரவில் பாத்திரம் சில மணி நேரத்தில் அறையின் வெப்பத்துக்கு இறங்கிவிடும். துணி சுற்றி அரிசிப் பானைக்குள் வைப்பதும், ஹாட் பேக்கில் ஊற்றி மூடுவதும் அந்தச் சூட்டைத் தக்கவைக்கும் வழிகள்.

இந்தப் பருவ மாற்றத்தை அறிய வெப்பமானி வாங்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே எல்லா வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உறையத் தொடங்கும். காலையில் புட்டியில் வெள்ளைக் கட்டி தெரிந்தால் இரவில் அடுக்களை 24 டிகிரிக்குக் கீழே போயிருக்கிறது என்று பொருள். அன்று மாவை மாலையிலேயே அரைத்துவிட வேண்டும், அல்லது மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் வைக்க வேண்டும். தலைக்குத் தேய்க்க எண்ணெயை வெயிலில் வைத்து உருக்கும் வீடுகளிலேயே மாவு ஏன் பொங்கவில்லை என்று வியப்பதும் நடக்கிறது. இரண்டு செய்திகளும் ஒரே குளிரிலிருந்து வருகின்றன, ஒன்றை மற்றதோடு சேர்த்துப் பார்க்கத்தான் பழகவில்லை.

பருவத்தைப் போலவே இடமும் சமைக்கிறது. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தின் பெரும்பகுதி கிரெட்டேசியஸ் காலத்தில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, கடலுக்கடியில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் பிளான்ஃபோர்டு இவ்வட்டாரப் பாறைகளை விரிவாக ஆராய்ந்தார். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரமும், வாரணவாசி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் சிப்பிகளும் அந்தக் கடல் விட்டுச்சென்ற தடயங்கள். அக்கடல் வாழ் உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து சுண்ணாம்புப் பாறையாயின. அந்தப் பாறைதான் இன்று சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். அதே பாறையினூடே ஊறிவரும் கிணற்று நீர் கால்சியத்தைக் கரைத்து எடுத்துவருகிறது. அதைக் கடினநீர் என்கிறோம். சோப்பு நுரைக்காது, கெண்டியின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு ஏறும். ஆற்றங்கரை ஊற்றுநீரில் வளர்ந்த ஒருவர் சுண்ணாம்புப் பாறை ஊருக்குக் குடிபோனால், சில கிலோமீட்டர் தூரத்தில் அடுக்களையின் வேதியியலே மாறிவிடுகிறது.

அந்த மாற்றம் முதலில் பருப்பில் தெரியும். பயறு, பருப்பு வகைகளின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். வேகும்போது அது கரைந்து, உயிரணுக்கள் பிரிந்து, பருப்பு மசிகிறது. கால்சியம் பெக்டின் இழைகளுக்கு இடையே புகுந்து அவற்றை இறுகப் பிணைத்துவிடும். கடினநீரில் பருப்பு மணிக்கணக்கில் கொதித்தும் மலர மறுப்பது இதனால்தான். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் இருந்த பழைய பருப்பிலும் இதே பிணைப்பு உள்ளிருந்தே உண்டாகிறது. அமிலமும் பெக்டின் கரைவதைத் தடுக்கும். பருப்போ காயோ வேகும் முன்பு புளிக்கரைசலை ஊற்றிவிட்டால் குழம்பு எவ்வளவு கொதித்தாலும் காய் நறுக்கென்றே நிற்கும். புதிதாகச் சமைப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. ‘வெந்தபிறகு புளி ஊற்று’ என்ற ஒரு வரியில் ஒரு வேதியியல் பாடமே இருக்கிறது, காரணம் சொல்லப்படாததால் அது வெறும் சடங்காகத் தெரிகிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோல், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும் வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை ஏற்கலாம் என்றும் வரையறுக்கிறது. ஏற்கத்தக்க அந்த எல்லைக்குள்ளேயே இரண்டு ஊர்ப் பருப்புகள் வேறுவேறாக வேகும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிவை எடுத்தால் கால்சியத்தில் ஒரு பகுதி படிந்துவிடும். மழைநீர் பிடித்துவைத்த வீட்டுக்கு அந்த வேலையும் இல்லை. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டாலும் பருப்பு விரைவில் மசியும், ஆனால் தையமின் என்ற வைட்டமினைப் பலி கொடுக்க நேரும்.

இங்கே ‘மூணு விசில்’ என்ற அளவையும் பார்த்துவிட வேண்டும். தாய்மார்கள் தொலைபேசியில் சொல்லும் குறிப்புகளில் மிகப் பரவலானது அதுதான். குக்கரின் மேல் வைக்கும் வெயிட், உள்ளே அழுத்தம் ஓரளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கிறது. சமவெளியில் அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கும். தீயைக் கூட்டினால் உள்ளே வெப்பம் கூடாது, ஆவி விரைவாக வெளியேறி விசில்கள் அடுத்தடுத்து வரும், அவ்வளவே. பெரிய தீயில் மூன்று விசில் சில நிமிடங்களில் முடிந்துவிடும், சிறு தீயில் கால் மணி நேரம் ஆகலாம். பருப்புக்குத் தேவை 120 டிகிரியில் இத்தனை நிமிடம் என்பதுதான். விசில் நேரத்தையும் அளப்பதில்லை, வெப்பத்தையும் அளப்பதில்லை. ஒரே வீட்டில், ஒரே குக்கரில், ஒரே அடுப்பில் அது நம்பகமான அடையாளமாக இருந்தது. அடுப்பு மாறியதும் அந்த நம்பகம் போய்விடுகிறது. முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து நிமிடங்களை எண்ணுவது எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

சோற்றில் வரும் தவறுக்கும் நாள்காட்டியில் காரணம் இருக்கிறது. தை மாதம் சம்பா அறுவடை முடிந்து புது அரிசி வரும். புது அரிசிச் சோறு குழையும், ஒட்டும். பொங்கலுக்கு அதுவே சிறப்பு, அன்றாடச் சோற்றுக்கு அதுவே தொல்லை. மாதக்கணக்கில் இருப்பில் கிடந்த அரிசியில் மாவுச்சத்தையும் புரதத்தையும் சார்ந்த மாற்றங்கள் நிகழ்ந்து மணி உறுதிப்படும். அது கூடுதல் தண்ணீரை இழுத்து, உதிரியாக மலரும். புழுங்கல் அரிசியோ நெல்லாக இருந்தபோதே ஒருமுறை ஆவியில் வெந்து காய்ந்தது, அதன் மாவுச்சத்து இறுகியிருப்பதால் பச்சரிசியைவிட அதிக நேரமும் தண்ணீரும் கேட்கும். ‘ஒன்றுக்கு இரண்டரை’ என்ற அளவைப் புரட்டாசியில் கற்றுக்கொண்டவர் தையில் அதே அளவில் வைத்தால் சோறு கூழாகும். நெல்லின் வயதைக் கேட்காமல் தண்ணீர் அளவைச் சொல்ல முடியாது.

நண்பர்களோடு மலையேறும்போது டார்வினின் பானையே திரும்பி வருகிறது. உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி குறையும். பச்சைமலையில் வேறுபாடு சிறிது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் அதற்கும் சற்றுக் கீழே. அரிசியின் மாவுச்சத்து 80 டிகிரிக்குள்ளேயே இளகிவிடுவதால் சோறு தாமதமாகவேனும் வெந்துவிடும். பெக்டின் கரைவது வெப்பத்தை இன்னும் கூர்மையாகச் சார்ந்தது, அதனால் திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலையும் பருப்பும் அங்கே பொறுமையைச் சோதிக்கும். குக்கர் பெரிதும் கைகொடுக்கும், ஆனால் அதுவும் சுற்றியுள்ள காற்றழுத்தத்தின் மேல்தான் தன் அழுத்தத்தைக் கூட்டுகிறது. வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளேயும் மூன்று, நான்கு டிகிரி குறையும். தங்கும் விடுதியின் அடுக்களையில் நண்பர்கள் சூழ்ந்து நிற்க, வழக்கமான விசில்களுக்குப் பிறகு திறந்த குக்கரில் கடலை கடிபடாமல் கிடந்தால் அது யாருடைய கைக்கும் வந்த இழுக்கு இல்லை, சில நிமிடங்கள் கூட்ட வேண்டும் என்ற செய்தி.

உயரத்தை வென்ற உயிரைப் பார்க்க மலையேறவும் தேவையில்லை. அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரிக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருகின்றன. 2024 ஜனவரி இறுதியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த ஏரி இது. திபெத், மங்கோலிய மேட்டுநிலங்களில் குஞ்சு பொரிக்கும் இந்தப் பறவைகள் இமயத்தைத் தாண்டித் தெற்கே வருபவை. இவை 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது கருவிகள் பொருத்திய ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 77 டிகிரியிலேயே கொதித்துவிடும், காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் பாதிக்கும் கீழே போய்விடும். வரித்தலை வாத்தின் ஹீமோகுளோபின் அந்தக் குறைவிலும் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்ளும் வகையில் அமைந்திருக்கிறது. எண்ணற்ற தலைமுறைகளாக உயரத்தோடு பழகி, அதன் உடல் அந்த இடத்தைக் கற்றுக்கொண்டது. இடம் மாறியதும் கணக்கு மாறும் என்பதற்கு, ஏரிக்கரையில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கும் தம்பதியின் கண்முன்னே நீந்தும் சான்று அது.

ஹீமோகுளோபினைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். மலைவிடுதியில் குளிர் தாங்காமல், வெளியே இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் எடுத்துவந்து கதவைச் சாத்திப் படுப்பவர்கள் உண்டு. அரைகுறையாக எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக அது நம் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் வரும்போது குளிர், களைப்பு என்று நினைத்து மேலும் போர்த்திக்கொண்டு தூங்கி, எழாமலே போனவர்கள் உண்டு. காரணம் தெரியாமல் வேறொன்றைக் காரணமாக்கும் பழக்கம் இட்லியில் ஏமாற்றத்தோடு முடிகிறது, இங்கே உயிரைக் கேட்கிறது. கரியடுப்பு ஒருபோதும் மூடிய அறைக்குள் வரக் கூடாது.

கட்டுச்சோறும் வெப்பத்தின் கணக்கே. சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தங்கும். சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சை விடும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சமைத்த உணவை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குளிர்காலத்தில் கெடாது என்ற நம்பிக்கையில் மூட்டை கட்டும் சோறு, மூடிய காரிலும் நண்பகல் வெயிலிலும் 30 டிகிரியைத் தாண்டிவிடும். நம் முன்னோர் பயணத்துக்குப் புளிச்சோற்றைத் தேர்ந்தது நாவின் ஆசையால் மட்டும் அல்ல. புளியின் அமிலம், உப்பு, நல்லெண்ணெய், காய்ச்சி இறுக்கிய விழுது ஆகியவை சேர்ந்து பாக்டீரியா பெருகுவதற்கான சூழலைக் கெடுக்கின்றன. காய்கறி பிரியாணிக்கும் தேங்காய்ச் சோற்றுக்கும் அந்தக் காப்பு இல்லை. பழைய சோற்றைத் தலைமுறை தலைமுறையாக உண்கிறோமே என்று கேட்கலாம். பழைய சோறு தண்ணீரில் மூழ்கிக் கிடந்து லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களால் புளிப்பேறுவது. அந்தப் புளிப்பே அதற்குக் காவல். டப்பாவில் அடைத்து மறந்துபோன சோற்றை அதோடு ஒப்பிடக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு வலுவான மறுப்பு ஒன்று எஞ்சியிருக்கிறது. நம் பாட்டிமார் வெப்பமானியும் வேதியியலும் இல்லாமலே தவறின்றிச் சமைத்தார்களே, அப்படியானால் கைப்பக்குவம் தனியாக ஒன்று இருக்கத்தானே வேண்டும்? இருக்கிறது. ஆனால் அது எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். ஒரே ஊர், ஒரே கிணறு, தெரிந்த வயலின் நெல், ஒரே அடுப்பு, நாள்தோறும் இரண்டு மூன்று வேளை, நாற்பது ஐம்பது ஆண்டுகள். ஒவ்வொரு வேளையும் ஒரு சோதனை, சாப்பிடுபவரின் முகம் அதன் முடிவு. இப்படிப் பல்லாயிரம் சோதனைகளில் தேறிய அறிவு விரல்நுனியில் இறங்கி, சொல்ல முடியாததாகிவிட்டது. அதன் மதிப்பை அளவீடு குறைப்பதில்லை, அது எத்தனை பெரிய அறிவு என்று காட்டத்தான் செய்கிறது. அதே பாட்டியை உதகைக்கோ, கடினநீர் ஊருக்கோ கொண்டுபோய் விட்டால் முதல் வாரம் அவருக்கும் தவறும். தன் தவறுக்குக் காரணம் இடம்தான் என்று அவர் உடனே கண்டுகொள்வார், தன் கையை ஐயப்பட மாட்டார். இளையவர்களுக்கு அந்தத் தன்னம்பிக்கைதான் கிடைப்பதில்லை.

சமையல் கலை, அதை அளவுகோலுக்குள் அடைத்தால் சுவை போய்விடும் என்பது இன்னொரு மறுப்பு. சுவை எது என்று முடிவு செய்வது மனிதரே, அதை அளவீடு தீர்மானிக்காது. நினைத்த சுவையை நாளையும் கொண்டுவர மட்டுமே அது உதவும். வீணையின் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பது இசையைக் குறைப்பதில்லை. கடையில் மாவு வாங்கிக்கொள்ளலாம், மின்சாரக் குக்கர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற பதிலும் அரைகுறையானது. வாங்கிவந்த மாவும் குளிரில் சுணங்கும், கோடையில் பொங்கி வழியும். கருவியும் ஊர்த் தண்ணீரைத்தான் கொதிக்கவைக்கிறது. கவனக்குறைவால் வரும் தவறுகள் இல்லவே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. உப்பு இருமுறை விழுவதும், பால் அடிப்பிடிப்பதும் கையின் பிழைகளே. அவற்றை நிகழ்ந்த கணத்திலேயே செய்தவர் அறிவார். ஏன் என்றே புரியாமல் திரும்பத் திரும்ப வரும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

காரணம் புரியாத தவறுகளின் பழி எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஈடுபடுவோரின் பங்கே பெண்களில் 81 விழுக்காடு, ஆண்களில் 26 விழுக்காடு. கைப்பக்குவம் பிறவியில் பெண்ணுக்கு வருவது என்ற நம்பிக்கையை இந்த எண்கள் வேறுவிதமாக விளக்குகின்றன. சோதனை செய்த மணிநேரங்கள் யாரிடம் கூடுதலாக இருக்கின்றனவோ அவரிடம் பக்குவம் சேர்கிறது. அந்த மணிநேரங்கள் இருவருக்கும் கிடைத்தால் பக்குவமும் இருவரிடமும் சேரும். காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் ஐம்பது ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டாம். புளியைப் பிறகு ஊற்றுவது ஏன் என்று அறிந்தவர், தக்காளியையும் மாங்காயையும் எப்போது போடுவது என்று கேட்காமலே அறிந்துகொள்வார்.

அதற்குச் சமையற்கட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். மாவு அரைத்த நேரம், பொங்கிய நேரம், அரிசியின் பெயரும் வாங்கிய மாதமும், ஊற்றிய தண்ணீர், விசிலுக்குப் பிந்தைய நிமிடங்கள் ஆகியவற்றை ஓராண்டுக்கு எழுதிவந்தால், அந்த வீட்டுக்கும் அந்த ஊருக்கும் உரிய செய்முறை அதில் உருவாகிவிடும். தாய் சொன்ன அளவுகளின் விடுபட்ட பாதி அதுதான். அடுத்த மார்கழியில் தேங்காய் எண்ணெய் வெளுக்கும் நாளில், வேலையிலிருந்து முதலில் வீடு திரும்புகிறவர், கணவனோ மனைவியோ, போன ஆண்டின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து மாலை 5 மணிக்கே உளுந்தைக் கிரைண்டரில் போடலாம்.